குளிர்ந்த நீர் அடிக்குப் போனது சரி, அதை மேலே தூக்குவது யார்?

தலவாக்கலையில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. துருவப் பக்கத்தில் கடல்நீர் குளிர்ந்து, உப்பும் கூடி, கனத்து அடிக்கு இறங்குகிறது. பாடப் புத்தகப் படத்தில் ஒரு நீல அம்பு கடலடியால் உலகைச் சுற்றிப் போய், பசிபிக்கிலும் இந்து சமுத்திரத்திலும் சிவப்பு அம்பாக மாறி மேலே வந்துவிடுகிறது. "கனத்ததால் இறங்கிய தண்ணீர் ஏன் மேலே வர வேண்டும்? பின்னால் வரும் தண்ணீர் தள்ளும் என்று சேர் சொன்னார், எனக்கு அது சரியாகப் படவில்லை" என்று முடித்திருக்கிறார். தம்பி, உங்களுக்குச் சரியாகப் படாதது நியாயம்தான். தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, அந்தச் சுற்றுக்கு யார் உழைக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். மூட்டையை மலையிலிருந்து இறக்க ஆள் வேண்டாம், உருட்டிவிட்டால் போய்ச் சேரும். அதையே மேலே ஏற்ற ஒரு முதுகு வேண்டும். ஆழ்கடலில் அந்த முதுகு யாருடையது என்று கடல் ஆய்வாளர்கள் அறுபது வருடத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதிலும் கடைசிப் பத்து வருடத்தில் கதை தலைகீழாகவே மாறியிருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, பௌதிகவியல் படித்து, பிறகு கடல் பௌதிகத்தில் மேற்படிப்பு செய்து, ஆய்வுக் கப்பல்களில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரோடு வந்து படிப்பிக்கிறேன். கப்பலில் என் வேலை வெப்பநிலையும் உவர்த்தன்மையும் அளப்பது. நீங்கள் கேட்கும் விஷயத்தின் உயிர்நாடியான கொந்தளிப்பை நேரடியாக அளப்பது வேறு ஆட்களின் தொழில், அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக் கதைத்த அளவுக்குத்தான் எனக்கு அதில் பழக்கம். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில், ஆழத்துத் தண்ணீர் எவ்வளவு குளிர் என்பதைப் படத்தில் பார்த்து உணர முடியாது. இலங்கைக்குத் தெற்கே வெயில் கொளுத்துகிற ஒரு பகலில், சாம்பல் நிறக் குழாய்ப் போத்தல்களை வட்டமாகக் கட்டிய ஒரு சட்டத்தைக் கம்பியில் தொங்கவிட்டு நாலு கிலோமீட்டருக்கு இறக்கினோம். இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல், ஏற அதைவிடக் கொஞ்சம் கூட. மேலே கடல் 29 பாகை, குளிக்கப் போனால் இதமாக இருக்கும். ஒரு கிலோமீட்டரில் ஆறேழு பாகை, அடியில் 2 பாகைக்கும் குறைவு. சட்டம் தளத்துக்கு வந்ததும் அடியில் நிரப்பிய போத்தல்களில் மட்டும் வெளியே வியர்த்துக் கொட்டியது. குழாயைத் திறந்து கையை நீட்டினேன், ஜனவரி விடியலில் நுவரெலியாவில் பைப்பைத் திறந்தால் விரல் எலும்பு வரை வலிக்குமே, அந்த வலி. அங்கிருந்து வடக்கே எங்கும் இந்தக் குளிர் உண்டாக வழியில்லை, இந்து சமுத்திரத்தின் வடக்கை ஆசியா அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தத் தண்ணீர் அந்தாட்டிக்காப் பக்கமிருந்து கடலடியால் ஊர்ந்து வந்தது, கடைசியாகக் காற்றைத் தொட்டு நூற்றுக்கணக்கான வருடங்கள் ஆகியிருக்கும்.

இப்போது "தள்ளும்" என்ற விளக்கத்துக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை. ஒரு பக்கம் இறங்கினால் இன்னொரு பக்கம் ஏதோ ஏறத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே போகும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வட அத்திலாந்திக்கின் வடகோடியிலும் அந்தாட்டிக்காவைச் சுற்றியும் இறங்கும் நீர் எல்லாம் சேர்ந்து செக்கனுக்குச் சுமார் 3 கோடி கன மீட்டர். உலகத்து ஆறுகள் அத்தனையும் சேர்ந்து கடலில் கொட்டுவதைப் போல 25 மடங்கு. கடலின் மொத்தக் கனவளவு ஏறத்தாழ 133 கோடி கன கிலோமீட்டர். வகுத்தால் 1400 வருடம் வருகிறது. அதாவது வெறும் தள்ளல் மட்டும்தான் என்றால், குளிர்நீர் அடியிலிருந்து நிரம்பி நிரம்பி வந்து, மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியாவும் அதன் கோயிலும் மூழ்கினதே அதுபோல, ஓரிரண்டு ஆயிரம் வருடத்தில் வெதுவெதுப்பான மேல்படையை ஒரு மெல்லிய தோலாக்கிவிட்டிருக்கும். அதன் பிறகு துருவத்தில் குளிர்கிற நீருக்கு இறங்க இடமில்லை, ஏனென்றால் அடியில் இருப்பதும் அதே கனம். சுற்று நின்றுவிடும். கடல் உண்டாகிப் பல கோடி வருடமாகியும் அப்படி நிற்கவில்லை, மேலே ஒரு கிலோமீட்டர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஆக, அடியிலுள்ள நீரை யாரோ ஓயாமல் சூடாக்கி இலேசாக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

யார் சூடாக்குவது? சூரியன் என்று சொல்லத் தோன்றும். ஆனால் சூரியன் கடலை மேலிருந்து சூடாக்குகிறது, வெளிச்சம் முதல் நூறு இருநூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். கஞ்சிப் பானையை அடுப்பில் வைத்தால் அடியில் சூடாகி மேலே புரளும். பானைக்கு மேலே நெருப்பைப் பிடித்தால்? மேல் கஞ்சி மட்டும் சுடும், அடிக்கஞ்சி அப்படியே கிடக்கும். சுவீடன்காரர் சாண்ட்ஸ்ட்ரோம் 1908ஆம் ஆண்டே இதைச் சொல்லிவிட்டார். சூடாக்கும் இடம் குளிரவைக்கும் இடத்தைவிடத் தாழ்வாக இருந்தாலொழிய உருப்படியான சுழற்சி எதுவும் வராது என்றார். பின்னால் வந்தவர்கள் அவரைக் கொஞ்சம் திருத்தினார்கள், மேற்பரப்பில் ஓரிடத்தில் சூடும் இன்னோரிடத்தில் குளிரும் இருந்தாலே ஒரு மந்தமான ஓட்டம் வரும் என்று காட்டினார்கள், ஆனால் நாம் காண்கிற அளவுக்கு அது காணாது. கடலடிப் பாறையிலிருந்து வரும் பூமியின் சூடும் உண்டு, அது சதுர மீட்டருக்கு 0.1 வாற்றுக்கும் சற்றுக் குறைவு. தரையை ஒட்டிய ஆக அடியிலுள்ள நீரில் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது, ஆனால் பாரம் முழுவதையும் அது சுமக்காது.

சரி, இப்போது ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொள்ளுங்கள். சீனியைப் போட்டுக் கலக்காமல் வைத்தால் அது அடியில் தங்கும், மேல் வாய் கசக்கும். விட்டுவிட்டால் மேலே வந்து சேர நாட்கணக்காகும். கரண்டியை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் எங்கும் இனிப்பு. கரண்டி செய்தது என்ன? கனமான அடித்தேநீரை மேலே தூக்கி, இலேசானதைக் கீழே இறக்கியது. அதற்கு உங்கள் கை கொஞ்சம் வேலை செய்தது, கை உணரவில்லை, அவ்வளவுதான். கடலிலும் அதே கதை. மேலுள்ள வெப்பத்தைக் கீழே இழுத்து, கீழுள்ள குளிரை மேலே இழுத்து, யாராவது கலக்கினால் அடிநீர் மெல்ல இலேசாகி எழும்பும். தானாக நடக்கும் மூலக்கூற்று மட்டத்து வெப்பப் பரவல் இதற்குப் பல நூறு மடங்கு போதாது. கலக்கத்தான் வேண்டும், கலக்குவதற்குச் சக்தி வேண்டும்.

எவ்வளவு கலக்கல் வேண்டும் என்று முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் அமெரிக்கரான வால்டர் மங்க், 1966இல். பசிபிக்கின் நடுவில் ஒன்றிலிருந்து நாலு கிலோமீட்டர் வரை வெப்பமும் உப்பும் கதிரியக்கக் கரிமமும் எப்படி மாறுகின்றன என்று எடுத்து, நீர் வருடத்துக்கு நாலைந்து மீட்டர் எழும்புகிறது, கலக்கலின் அளவு செக்கனுக்கு ஒரு சதுர சென்ரிமீட்டர் என்று சொன்னார். அந்த இரண்டாவது எண்ணை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முப்பது வருடச் சண்டை அதைப் பற்றித்தான். ஏனென்றால் நுண்ணிய கருவிகளை இறக்கி உண்மையில் அளந்தபோது நடுக்கடலில் அதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. கருவி பிழையாக இருக்கும் என்று சிலர். 1992இல் அதையும் தீர்த்துவிட்டார்கள். கிழக்கு அத்திலாந்திக்கில் ஏறக்குறைய 300 மீட்டர் ஆழத்தில் சல்பர் ஹெக்ஸாபுளோரைட் என்ற வாயுவைக் கரைத்து விட்டார்கள், இது மிகச் சொற்ப அளவிலும் அகப்படும், கடலில் வேறெதோடும் சேராது. மாதக்கணக்கில் தேடிப் பார்த்தால் அது பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவியிருந்தது, மேலும் கீழும் மட்டும் சில பத்து மீட்டருக்குள் அடங்கியிருந்தது. மீண்டும் அதே பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் மங்கின் மீதி ஒன்பது பங்கு எங்கே?

அது கரடுமுரடான தரைக்கு மேலே ஒளிந்திருந்தது. 1990களின் நடுவில் பிரேசிலுக்குக் கிழக்கே உள்ள ஆழ்படுகையில் நாலு கிலோமீட்டர் ஆழத்தில் அளந்தார்கள், முடிவு 1997இல் வந்தது. படுகையின் மேற்குப் பக்கத் தரை வழவழப்பானது, அங்கே கலக்கல் மிகச் சொற்பம். கிழக்கே அத்திலாந்திக் நடுமுகட்டின் மலைகளும் பள்ளத்தாக்குகளும் தொடங்கியதும் கலக்கல் பல மடங்கு ஏறியது, தரைக்குக் கிட்டப் போகப் போக இன்னும் கூடியது. நாங்கள் மலைநாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படத் தேவையில்லை. சமவெளியில் காற்று நேராக அடித்துக்கொண்டு போகும், அதே காற்று அப்புத்தளைக் கணவாயில் வந்து மாட்டினால் என்ன ஆட்டம் ஆடும் என்று கூரைத் தகரத்துக்குக் கல் வைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்தக் காற்றின் இடத்தில் ஆழ்கடலில் இருப்பது பெரும்பாலும் வற்றுப்பெருக்கு. கரையில்தான் வற்றும் பெருகும் என்று நினைக்கிறோம், ஆனால் சந்திரனின் இழுப்பு நாலு கிலோமீட்டர் ஆழமுள்ள முழுத் தண்ணீரையும் சேர்த்துத்தான் முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அது கடலடி மலைகளில் மோதும்போது கடலுக்கு உள்ளேயே அலைகள் பிறக்கின்றன. மேலே கப்பலில் நிற்பவருக்குத் தெரியாது, உள்ளே குளிர்ப்படைக்கும் வெப்பப்படைக்கும் இடையிலுள்ள எல்லை பத்து, ஐம்பது, சில இடங்களில் நூறு மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். அந்த உள்ளலைகள் எங்கோ போய் உடைகின்றன, உடையும் இடத்தில் கரண்டி சுற்றுகிறது. இதில் நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. அந்தமான் பக்கத்துத் தீவு வரிசையில் பிறக்கும் உள்ளலைகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து திருகோணமலைத் துறைமுகத்தின் நீர்மட்டத்தை மெல்ல ஆட்டுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

1998இல் மங்க், இந்த முறை கார்ல் வூன்ஷ் என்பவருடன் சேர்ந்து, மொத்தக் கூலியைக் கணக்கிட்டார். ஆழ்கடலைக் கலக்க ஏறத்தாழ இரண்டு இலட்சம் கோடி வாற்று வேண்டும், அதில் பாதி வற்றுப்பெருக்கு, பாதி காற்று. உங்கள் ஊரிலுள்ள மேல் கொத்மலை மின்நிலையம் 150 மெகாவாற்று. அப்படி பதின்மூவாயிரத்துக்கு மேல் வேண்டும். அந்தச் சக்தியிலும் ஐந்தில் ஒரு பங்குதான் நீரைத் தூக்க உதவுகிறது, மீதி சூடாகி வீணாகிறது. இரண்டு வருடம் கழித்துச் செய்மதி அளவீடுகளிலிருந்து வற்றுப்பெருக்கின் பங்கைத் தனியாகக் கணக்கிட்டபோது, ஆழ்கடலில் அது இழக்கும் சக்தி சுமார் ஓர் இலட்சம் கோடி வாற்று என்று வந்தது, மங்க் சொன்ன பாதியோடு அது நன்றாகவே பொருந்துகிறது. இந்த இழப்பின் செலவுக் கணக்கு வானத்தில் தெரிகிறது. சந்திரன் வருடத்துக்கு 3.8 சென்ரிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது, விண்வெளி வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் தெறிக்கவைத்து அதை அளக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, 2016 வரை பெரும்பாலானவர்கள் அதை ஓட்டையாகவே பார்க்கவில்லை. கலக்கல் தரைக்குக் கிட்டக் கூடுகிறது என்றேன் அல்லவா? நடுக்கடலில், தரையிலிருந்து ஐநூறு மீட்டர் மேலே நிற்கும் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கலக்கல் குறைவு, ஆகவே மேலிருந்து வரும் வெப்பம் கொஞ்சம். அதற்குக் கீழே கலக்கல் அதிகம், ஆகவே அடிக்குளிருக்கு அது பறிகொடுக்கும் வெப்பம் அதிகம். வரவு எட்டணா, செலவு பத்தணா. அந்த வாளித் தண்ணீர் குளிர்ந்து கனக்கிறது, அதாவது அது ஏறவில்லை, இறங்குகிறது! நாற்பது ஐம்பது வருடமாக நடுக்கடல் முழுவதும் மெல்ல மேலே வருகிறது என்று வரைந்துகொண்டிருந்தோம், பாடப் புத்தகத்தில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஃபாயெல் ஃபெராரியும் அவரோடு வேலை செய்தவர்களும் 2016இல் கணக்கைத் திருப்பி எழுதினார்கள். தரையை ஒட்டிய மெல்லிய படையில் நிலைமை வேறு. தரை, தண்ணீரிடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்வதில்லை. அங்கே மேலிருந்து வரவு உண்டு, கீழே செலவு கிடையாது. அதனால் அந்த ஒட்டுப்படை மட்டும் இலேசாகிறது, தரை சாய்ந்திருந்தால் அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறுகிறது.

இதை எனக்குப் படிப்பித்தது கட்டுரை இல்லை, சின்ன வயதில் பார்த்த மூடுபனி. இரவெல்லாம் குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். பனி விழுகிற மாதங்களில் பள்ளத்துத் தேயிலை கருகி, மேட்டுத் தேயிலை தப்புவது அதனால்தான். காலையில் எட்டரை ஒன்பதுக்கு வெயில் சரிவில் படும். அப்போது மூடுபனி பள்ளத்தாக்கின் நடுவிலிருந்து நேரே மேலே கிளம்பாது. தேயிலை நிரைகளைத் தடவிக்கொண்டு, கான் வழியாகவும் மடு வழியாகவும் ஒதுங்கி ஒதுங்கி ஏறும். கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கும் பெண்களை ஒவ்வொரு நிரையாக மறைத்துக்கொண்டு வரும், தாயார் மறைந்து கொஞ்ச நேரத்தில் அவருக்கு மேல் நிரையில் நிற்கும் சித்தி மறைவார். பள்ளத்தாக்கின் நடு மட்டும் தெளிந்து கிடக்கும், அங்கே காற்று மெல்ல இறங்குகிறது. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற மலை விளிம்புக்கு ஒன்பது மணிக்குப் பிந்திப் போனவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் இதே ஏற்றத்தால்தான். ஒரு வித்தியாசம் முக்கியம். மலையில் சரிவைச் சூடாக்குவது வெயில், கடலடியில் வெயில் இல்லை, அங்கே மேலுள்ள வெப்பத்தைக் கலக்கி இறக்கிக் கொடுப்பது வற்றுப்பெருக்கு. சரிவை ஒட்டி ஏறுவதும் நடுவில் இறங்குவதும்தான் இரண்டுக்கும் பொது.

கணக்கு சரி, கண்ணால் பார்த்தார்களா? பார்த்தார்கள். அயர்லாந்துக்கு மேற்கே ரோக்கோல் பள்ளத்தின் சரிவிலுள்ள ஒரு கடலடிப் பள்ளத்தாக்கில், 2021இல், தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் ஃப்ளோரசீன் என்ற பச்சைச் சாயத்தை விட்டுப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2024இல் வெளிவந்தது. சாயம் சரிவோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் என்ற கணக்கில் மேலே ஏறியது. ஒப்பிட்டுப் பாருங்கள், முன்னே சொன்ன 3 கோடி கன மீட்டரையும் கடற்பரப்பு முழுவதற்கும் சமமாகப் பங்குபோட்டால் நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் ஏற்றம்தான் வரும். எங்கும் பரவி மெல்ல ஏறவில்லை, ஒடுங்கிய சில வழிகளால் வேகமாக ஏறுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இதுவரை இல்லை. ஆனாலும் ஒரு பள்ளத்தாக்கு, சில நாட்கள். உலகத்துக் கடலடிச் சரிவுகள் எல்லாம் இப்படித்தான் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய நான் தயாரில்லை.

இன்னொரு வழியையும் சொல்லாமல் விட்டால் பதில் நொண்டும், அளவில் அதுதான் பெரியது என்றும் பலர் கருதுகிறார்கள். அந்தாட்டிக்காவைச் சுற்றியுள்ள கடலில் தென் அமெரிக்காவின் நுனிக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையே, டிரேக் கணவாயில், குறுக்கே நிலம் கிடையாது. மேலைக்காற்று உலகைச் சுற்றித் தடையில்லாமல் அடிக்கிறது, பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றின் இடப்பக்கம், அதாவது வடக்கே ஒதுங்குகிறது, அந்த வெற்றிடத்துக்கு ஆழத்திலிருந்து நீர் உறிஞ்சப்படுகிறது. மற்றக் கடல்களில் ஒரே கனமுள்ள நீர்ப்படைகள் பாய் விரித்ததுபோல் படுத்திருக்கும், இங்கே அவை சாய்ந்து மேற்பரப்பையே தொடுகின்றன. ஆகவே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்து நீர் தன் கனத்தை மாற்றிக்கொள்ளாமலே, தன் படையிலேயே நடந்து மேலே வந்துவிடலாம், கரண்டி தேவையில்லை. வட அத்திலாந்திக்கில் இறங்கிய நீரில் பெரும்பங்கு இந்த வழியால்தான் திரும்புகிறது என்று 1990களிலிருந்து படிப்படியாகத் தெளிவானது. கலக்கலை நம்பியிருப்பது முக்கியமாக அதற்கும் அடியில் உள்ள, அந்தாட்டிக்காவில் பிறந்த ஆகக் குளிர்ந்த நீர்.

எது உறுதி, எது இல்லை என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். அடிநீர் தானாக ஏறாது, சக்தி வேண்டும், அதைக் கொடுப்பது காற்றும் வற்றுப்பெருக்கும்: இதில் சந்தேகமில்லை. கரடான தரைக்கு மேலே கலக்கல் கூடும்: பல கடல்களில் அளந்தாயிற்று. தெற்குக் கடலில் காற்று ஆழநீரை மேலே இழுக்கிறது: இதுவும் சரி. சரிவில் ஏற்றம், நடுவில் இறக்கம் என்பதன் பௌதிகம் எனக்குத் திடமாகவே படுகிறது, ஆனால் எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்கி நிகரம் என்ன என்பது பெரிய இரண்டு எண்களின் சின்ன வித்தியாசம், அதில் கை வைத்தால் வழுக்கும். இரண்டு வழிகளில் எது எத்தனை பங்கு என்பதிலும் சண்டை ஓயவில்லை. நம்முடைய இந்து சமுத்திரத்தின் நிலைமை இன்னும் மோசம், தெற்கிலிருந்து அடியால் உள்ளே வரும் நீரின் அளவுக்கு வெவ்வேறு குழுக்கள் கொடுத்த மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம். வங்காள விரிகுடாவின் அடி கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்த வண்டலால் வழவழப்பானது, அதன் கிழக்குப் பக்கத்தில் தொண்ணூறு பாகைக் கிழக்கு முகடு என்ற கடலடி மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கலக்கல் முகட்டில்தான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

கேள்விக்குக் கீழே வேறொருவர் "ஆடி மாதத்தில் தெற்குக் கரையில் தண்ணீர் குளிர்ந்து மீன் கூடுகிறதே, அதுதானா இது" என்று எழுதியிருந்தார். இல்லை. அதற்கும் மேலெழுச்சி என்றுதான் பெயர், ஆனால் அது தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரை ஒதுக்க, நூறு இருநூறு மீட்டருக்குள்ளிருந்து வரும் நீர். போசணையைக் கொண்டுவரும், பாசி வளரும், மீன் வரும், காற்று மாறினால் நின்றுவிடும். இலங்கைக்குக் கிழக்கே அதே பருவத்தில் குளிர்நீர் குவிமாடம்போல் எழும்பும் இடமும் அப்படித்தான். ஆழ்கடல் ஏற்றத்தின் கணக்கு நூற்றாண்டுகளில். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால் வருகிற குழப்பம் இது, பல்கலைக்கழக மாணவர்களிடமும் பார்த்திருக்கிறேன். அதேபோல, கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது, திருகோணமலையில் கரையை ஒட்டியே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது, ஆகவே நம் ஆற்றுத் தண்ணீர் நேரே ஆழத்துக்குப் போகிறது என்றும் எண்ண வேண்டாம். நன்னீர் இலேசு, அது மேலே மிதந்துகொண்டே போய்விடும்.

காலநிலை மாறினால் இது நின்றுவிடுமா என்ற பயத்துக்கு ஒரு வரி. அத்திலாந்திக் சுற்று இந்த நூற்றாண்டில் பலவீனமாகும் வாய்ப்பு மிக அதிகம் என்றும், 2100க்கு முன் திடீரென்று நின்றுபோகாது என்பதில் நடுத்தர நம்பிக்கை என்றும் 2021இல் ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசி எழுதியது. அந்தாட்டிக்க அடிநீர் வெப்பமாகிக் குறைந்து வருவது அளவீடுகளில் தெரிகிறது. கலக்கல் பக்கம் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் அளவுக்குக் கணினி மாதிரிகளின் கண் கூர்மையாக இல்லை, அவை கடலைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவதால் இந்த ஒட்டுப்படை ஒரு கட்டத்துக்குள் அடங்கிக் காணாமல் போகிறது.

பரீட்சையில் என்ன எழுதுவது என்றும் கேட்பீர்கள். புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள், புள்ளி முக்கியம். கூடவே ஒரு வரி, "காற்றும் வற்றுப்பெருக்கும் உண்டாக்கும் கலத்தலால் ஆழநீர் அடர்த்தி குறைந்து எழும்புகிறது" என்று சேர்த்தால் எந்தச் சேரும் புள்ளி வெட்டமாட்டார். வீட்டில் செய்து பார்க்க ஆசையென்றால், பெரிய பிளாஸ்டிக் போத்தல் இரண்டின் கழுத்தை வெட்டுங்கள். சாயம் கூடிய பிளேன்டீயில் நாலைந்து கரண்டி உப்புப் போட்டுக் கரைத்து, ஆறவைத்து, இரண்டிலும் கால்வாசிக்கு ஊற்றுங்கள். மேலே ஒரு துண்டு ரெஜிஃபோமை மிதக்கவிட்டு, அதன்மேல் சாதாரணத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் எல்லை கலங்காது. பேனாவால் எல்லையைக் குறித்துவிட்டு ஒன்றைத் தொடாமல் வையுங்கள், மற்றதில் காலையும் மாலையும் ஒரு ஈர்க்கை எல்லையில் மட்டும் பத்துத் தடவை மெல்ல ஆட்டுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அடிமட்டம் வைத்து அளந்து எழுதுங்கள், எனக்கும் தெரிய ஆசை.